பழைய கச்சேரிக்குள் எதைப் பார்ப்பது?

சென்னை மயிலாப்பூரில் கச்சேரி சாலை என்று ஒரு தெரு இருக்கிறது. மார்கழி மாதத்தில் அந்தப் பக்கம் போகிற புதியவர்கள் பாட்டுக் கச்சேரியால் வந்த பெயர் என்றே நினைத்துக்கொள்வார்கள். அது அந்தக் கச்சேரி இல்லை, அரசாங்க அலுவலகம். இந்துஸ்தானி வழியாக வந்த அந்தப் பொருள் தமிழ்நாட்டில் தேய்ந்து, தெருப்பலகையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கம் அப்படியில்லை. மட்டக்களப்பில் ஒருவர் "கச்சேரிக்குப் போயிட்டு வாறன்" என்று சொன்னால், கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் அடையாள அட்டையின் போட்டோ பிரதி, காணி உறுதி, மடித்து மடித்துக் கிழியப்போகிற ஒரு பழைய கடிதம். பாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பாடும் மீன்களின் வாவிக்கரையில்தான் அந்தக் கச்சேரி இவ்வளவு காலமும் இருந்தது என்பது ஒரு வேடிக்கை.

2024ஆம் ஆண்டு திராய்மடுவில் புதிய மாவட்டச் செயலகக் கட்டடம் திறக்கப்பட்டு, கச்சேரி அங்கே போய்விட்டது. அதன் பிறகு, கச்சேரி இவ்வளவு காலமும் இருந்த புளியந்தீவுக் கோட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அருங்காட்சியகம், சுற்றுலா என்றுதான் பேசுகிறார்கள். கச்சேரி உள்ளே இருந்த காலத்திலேயே அங்கே சிறிய காட்சியறை ஒன்றும் இருந்தது: ஏடுகள், அரசாங்க முத்திரைகள், பழைய பாத்திரங்கள். ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர் அதற்காக வருவதில்லை. "ஒல்லாந்தர் கோட்டை", அதாவது டச்சுக்காரர் கோட்டை, என்று வழிகாட்டிப் புத்தகத்தில் பார்த்துவிட்டு வருகிறார். மதிலைப் பார்க்கிறார், பீரங்கியோடு படம் எடுக்கிறார், வாவிக் காற்றை வாங்கிக்கொண்டு இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்.

அது போதாது என்பது என் கட்சி. அந்தப் பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. போர்த்துக்கேயர் இந்தக் கோட்டையைக் கட்டியது 1628இல். பத்து வருடத்தில் பறிகொடுத்துவிட்டார்கள். ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள், சில வருடங்களில் கைவிட்டார்கள், பிறகு 1660களில் திரும்பி வந்து 1795 வரை இருந்தார்கள். மொத்தமாகக் கூட்டினால் ஏறத்தாழ 130 வருடம். ஆங்கிலேயர் கைக்கு வந்ததிலிருந்து 2024 வரை எண்ணிப் பாருங்கள்: 229 வருடம். அந்தக் காலத்தில் பெரும்பகுதி இந்த இடத்துக்குப் போர் வேலை கிடையாது. வரி, காணி, தண்ணீர், பங்கீட்டுக் கூப்பன், பெட்டிசம் என்கிற மனு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இது கோட்டைக்குள் இருந்த ஒரு கச்சேரி இல்லை. கச்சேரிக்கு வாய்த்த ஒரு மதில்தான் கோட்டை.

சரி, மதிலிலிருந்தே தொடங்குவோம்.

புளியந்தீவு வாவிக்குள் இருக்கிற ஒரு தீவு. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். இங்குள்ளவர்கள் அதை வாவி என்று எழுதுவார்கள், பேசும்போது "ஆறு" என்பார்கள். கிழக்கே கடலோரம் எழுவான்கரை, சூரியன் எழுகிற பக்கம். மேற்கே வயலும் காடும் உள்ள படுவான்கரை. றோட்டும் பாலமும் வருவதற்கு முன் இந்த நாட்டின் பெருந்தெரு அந்த ஆறுதான். நெல்லும் தேனும் மரமும் தோணியில்தான் வந்தன. ஆகவே ஆற்றின் நடுவே ஒரு தீவைக் கையில் வைத்திருப்பவன் மொத்த நாட்டின் சுங்கத்தையும் கையில் வைத்திருப்பவன். போர்த்துக்கேயரின் கப்பித்தான் ஜெனரல் கொன்ஸ்தாந்தினோ டி சா இங்கே கோட்டை கட்டியதற்கு அதுவே காரணம். கண்டி அரசனுக்கு இருந்த கிழக்குத் துறைமுகங்களை அடைப்பதுதான் திட்டம்; திருகோணமலையில் ஒன்று, இங்கே ஒன்று.

கோட்டை நாற்சதுரம். நான்கு மூலையிலும் கொத்தளம். இரண்டு பக்கம் வாவியே காவல், மற்ற இரண்டு பக்கமும் அகழி. கொத்தளத்தை ஏன் மூலையிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு கட்டினார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நேரான மதிலின் அடியில் வந்து ஒட்டிக்கொண்டவனை மேலே நிற்பவனால் சுட முடியாது. மூலையில் வெளியே நீட்டிக் கட்டினால் பக்கவாட்டில் மதில் நீளத்துக்கும் சுடலாம். விஷயம் அவ்வளவுதான். மதிலில் காரை பெயர்ந்த இடம் கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். வெள்ளையாக, விரலால் சுரண்டினால் உதிர்கிற பூச்சு சுண்ணாம்புச் சாந்து. சாம்பல் நிறமாக இறுகிக் கிடப்பது பின்னாளில் யாரோ பூசிய சீமெந்து. வாவிக்கரையில் சுவருக்குள் எப்போதும் உப்பு ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும். சீமெந்து விடாது. ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, கடைசியில் பூச்சையும் அதன் பின்னால் உள்ள கல்லையும் சேர்த்துத் தள்ளிவிடும். நல்ல எண்ணத்தோடு செய்த திருத்தம்தான் பழைய சுவருக்குப் பெரிய எதிரி. தொல்பொருள் பாதுகாப்பில் உள்ள கட்டடத்தில் ஆணி அடிப்பதற்கும் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தை வைத்துக்கொண்டு அதிகாரிகள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

அப்புறம் ஒப்பந்தக் கதை. ஒல்லாந்தர் இலங்கையில் முதலில் கால் வைத்தது மட்டக்களப்பில்தான். 1602 மே மாதக் கடைசியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இங்கே வந்து, இங்கிருந்து கண்டிக்குப் போய் அரசனைச் சந்தித்தார். அடுத்த வருடம் வந்த செபால்ட் டி வேர்ட் அரசனோடு முரண்பட்டு இங்கேயே தன் ஆட்களோடு கொல்லப்பட்டார். முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரைக் கூப்பிட்டான். அடம் வெஸ்டர்வோல்ட் கப்பல்களோடு வந்தார். 1638 மே 18ஆம் தேதி கோட்டை விழுந்தது. ஐந்து நாள் கழித்து, மே 23ஆம் தேதி, மட்டக்களப்பிலேயே ஒப்பந்தம் எழுதினார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் மூன்றாம் வாசகம் பிடிபடும் கோட்டைகளில் யார் காவல் இருப்பது என்பதைப் பற்றியது. ஒல்லாந்தர் படை வைக்கலாம்; ஆனால் அது அரசன் விரும்பினால் மட்டுமா, விரும்பாவிட்டாலுமா? அரசனிடம் இருந்த பிரதியும் ஒல்லாந்தரிடம் இருந்த பிரதியும் இந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை. அந்த ஒரு சின்ன வாசகத்தைப் பிடித்துக்கொண்டு பல வருடம் இழுபறி. சிங்களத்தில் இதற்கு ஒரு பழமொழியே உண்டு: இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை.

இதை நான் நீட்டிச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கச்சேரி அலுவல் தெரிந்தவர்களுக்கு "உண்மைப் பிரதி" என்ற ரப்பர் முத்திரை தெரியும். எந்த விண்ணப்பத்தோடும் பிரதியை இணைக்கும்போது, ஒரு அதிகாரி மூலத்தையும் பிரதியையும் ஒப்பிட்டு, உண்மைப் பிரதி என்று குத்திக் கையொப்பம் வைக்க வேண்டும். இரண்டு பிரதி இரண்டு மாதிரி எழுதப்பட்ட ஒப்பந்தத்தால் கைமாறிய ஒரு கோட்டைக்குள், பிற்காலத்தில் எத்தனை ஆயிரம் தடவை அந்த முத்திரை விழுந்திருக்கும்! இராஜசிங்கனுக்கு ஒரு கிளாக்கர் இருந்திருந்தால் கதை வேறு.

ஒல்லாந்துக் கம்பனியின் சின்னம் வி, ஓ, சி என்ற மூன்று எழுத்தை ஒன்றோடொன்று பின்னியது. அவர்கள் அடித்த செம்புக் காசுகளில் அதுதான் இருக்கும். தமிழ் வாசகர் யாருக்கும் அதைப் பார்த்ததும் தூத்துக்குடி வ.உ.சி. நினைவுக்கு வராமல் போகாது. வெள்ளைக்காரக் கம்பனிக்கு எதிராக 1906இல் சுதேசிக் கப்பல் கம்பனி தொடங்கியவருக்கு, அதற்கு முன்னூறு வருடம் முந்திய ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கம்பனியின் முதலெழுத்தே வாய்த்திருக்கிறது. வரலாறு சில நேரம் இப்படிப் பகடி பண்ணும்.

இனி முக்கியமான விஷயம். ஆங்கிலேயர் 1795இல் வந்தார்கள். ஆரம்பத்தில் இலங்கையின் கரையோரத்தை நடத்தியது மதராஸிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனி. அவர்கள் தங்கள் வரி முறையையும், வரி தண்டுகிற அமில்தார்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். தென்னைக்கு வரி போட்டார்கள். 1797இல் கலகம் வெடித்தது. 1802இல் இலங்கை நேரடியாகப் பிரித்தானிய முடியின் குடியேற்ற நாடாகியது. 1833இல் நாட்டை ஐந்து மாகாணமாகப் பிரித்தபோது கிழக்கு மாகாணம் உண்டானது. அரசாங்க அதிபர் என்ற பதவி அந்த அமைப்பின் முதுகெலும்பு. ஆங்கிலத்தில் கவர்ன்மென்ட் ஏஜென்ட்; ஊரில் "ஏசண்டர்", பிறகு "ஜீ.ஏ.". தமிழ்நாட்டில் கலெக்டர் என்றால் என்ன மதிப்போ, அது இங்கே ஜீ.ஏ. என்றால்.

இந்த ஜீ.ஏ.க்கு ஏன் கோட்டை வேண்டியிருந்தது? வரிப்பணத்தைப் பூட்டி வைக்கத் தடித்த சுவர் வேண்டும். பணத்தை எண்ணி வாங்குகிறவர் சிறாப்பர். அவருடைய மேசைக்குப் பின்னால் ஒரு பெட்டகம், அதற்குப் பின்னால் காவல். பதிவேடுகளுக்கு வெயிலும் வெள்ளமும் படாத இடம் வேண்டும். தோணியில் வருகிறவர்கள் இறங்கத் துறை வேண்டும். மூன்றும் இங்கே தயாராக இருந்தன. பகைவனுக்காகக் கட்டிய மதில் கணக்குப் புத்தகத்துக்குப் பொருந்திப்போனது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று வந்தது. முடிக்குரிய காணிகளில் அத்துமீறுவதைத் தடுக்கிற சட்டம் என்று பெயர். சாரம் இது: காடு, தரிசு, குடியிருப்பில்லாத நிலம் எல்லாம் முடிக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொள்ளப்படும், உனக்குச் சொந்தம் என்றால் நீ நிரூபி. சேனை வெட்டி, சில வருடம் விட்டு, திரும்பி வந்து வெட்டுகிற ஒரு நாட்டில் இது எவ்வளவு பெரிய இடி என்று யோசித்துப் பாருங்கள். அதுவரை "எங்கட பாட்டன் காலத்துக் காணி" என்ற வாய்ச்சொல்லும், எல்லைக்காரன் சாட்சியும் போதும். இனிமேல் கடதாசி வேண்டும். பீரங்கி செய்யாத வேலையை இந்தச் சட்டம் செய்தது. கோட்டையின் உண்மையான ஆயுதம் அன்றிலிருந்து பதிவேடுதான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஏடு இருந்தால் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எல்லோரும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள், ஏனென்றால் எழுத்து விளங்காது. விளங்காததற்குக் காரணம் எழுத்து பழசு என்பது மட்டுமில்லை. ஓலையை வெட்டி, அவித்து, காயவைத்து, தேய்த்து மழமழப்பாக்கி, இரும்பு எழுத்தாணியால் கீறுவார்கள். பிறகு கரியைப் பூசித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகிவிடும். அதனால் ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே கொம்பு. இரண்டையும் பிரித்துக் காட்டுகிற வழக்கம் வீரமாமுனிவர் காலத்துக்குப் பிறகுதான் பரவியது. ரகரமும் துணைக்காலும் அநேகமாக ஒரே கோடு. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது.

ஒரு காணி எல்லையை எடுத்துக்கொள்வோம். "மேற்கு எல்லை" என்பது ஏட்டில் "மெறகுஎலலை" என்று கிடக்கும். ஊர்க்காரருக்கு அதில் சிக்கல் இல்லை, வாயசைக்கிறபோதே சரியாக வரும். ஆனால் அதே ஏட்டைக் கச்சேரி மேசையில் வைத்து, மொழிபெயர்ப்பாளர் வாசித்து, ஆங்கிலத்தில் பதிந்து, அதன்படி நில அளவையாளர் சங்கிலி பிடித்தால்?

அளவு அதைவிடப் பெரிய சிக்கல். எங்கள் பக்கம் வயலை விதைப்பால் சொல்வார்கள்: இத்தனை அவணம், இத்தனை மரக்கால் விதைப்பு. அது நிலத்தின் பரப்பு இல்லை, அதில் விழும் நெல்லின் அளவு. நல்ல பள்ளக்காணிக்கு விதைக்கிற நெல்லும் மேட்டுக்காணிக்கு விதைக்கிற நெல்லும் ஒன்றாக இராது. அதனால் ஒரே அவணம் இரண்டு இடத்தில் இரண்டு பரப்பு. வெள்ளைக்காரன் ஏக்கர், றூட், பேர்ச் என்று கொண்டுவந்தான். ஒன்று விளைச்சலை நினைத்து வந்த கணக்கு, மற்றது வரியை நினைத்து வந்த கணக்கு. இரண்டையும் ஒரே பதிவேட்டில் அடக்க முயன்றதில் எத்தனை எல்லை வழக்கு கிளம்பியிருக்கும் என்று போடியார், அதாவது பெரிய வயல்காரர், குடும்பத்தில் பிறந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விடிய விடியச் சொல்வார்கள்.

ஏடுகளில் இங்கே மிஞ்சியது கொஞ்சம்தான். கிழக்கில் வேலை செய்த ஆங்கிலேய அதிகாரிகளில் ஹியூ நெவில் என்ற ஒருவர் ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1897இல் இறந்தார். அவர் சேர்த்த சிங்கள, தமிழ் ஏடுகள் இப்போது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில். திருடிக்கொண்டு போனார் என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் எடுக்காமல் விட்டிருந்தால் கறையானும் 1978 நவம்பர் சூறாவளியும் எதை மிச்சம் வைத்திருக்கும்? ஆனாலும் எங்கள் எல்லைகளை எழுதிய ஓலையை வாசிக்க விமானம் ஏறவேண்டியிருப்பது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

கச்சேரி பறித்ததை மட்டும் சொன்னால் நியாயமில்லை. தண்ணீரையும் சொல்ல வேண்டும். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல், நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்தது. பழைய வழக்கங்களை, அதாவது எப்போது வாய்க்கால் வெட்டுவது, எப்போது மாட்டை வயலிலிருந்து அப்புறப்படுத்துவது, யார் வேலி கட்டுவது என்பதை, ஊர்க் கமக்காரர் கூடித் தீர்மானித்தால் அதற்குச் சட்ட பலம் உண்டு என்றது. இறக்காமம் குளமும் அந்த ஆளுநர் காலத்தில்தான் திருத்தப்பட்டது. அந்தக் கூட்டம் இன்றைக்கும் நடக்கிறது. பெரும்போகத்துக்கு முன்னும் சிறுபோகத்துக்கு முன்னும் பயிர்ச்செய்கைக் கூட்டம் வைப்பார்கள். விதைப்புக்கு முதல் தேதி, கடைசித் தேதி, தண்ணீர் திறக்கும் நாள், மாடு அகற்றும் நாள் எல்லாம் கை உயர்த்தி முடிவாகும். வயலுக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொள்கிற வட்டவிதானைமார் முன்வரிசையில் இருப்பார்கள். அங்கே நடக்கிற வாக்குவாதத்தைக் கேட்டால் 1856இல் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். மாட்டுக்காரருக்கும் வயல்காரருக்கும் உள்ள வழக்கு இன்னும் முடியவில்லை.

அம்பாறைக்காரருக்கும் இந்தக் கட்டடத்தில் உரிமை உண்டு. அம்பாறை தனி மாவட்டமானது 1961 ஏப்ரலில். அதுவரை கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் மட்டக்களப்புக் கச்சேரியின் கீழ்தான். பொத்துவிலிலிருந்து ஒருவர் கையெழுத்து ஒன்றுக்காக நூறு கிலோமீட்டருக்கும் மேல் வரவேண்டும். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தபிறகு காணிகளும் குடியேற்றங்களும் அந்தப் பக்கத்தின் முகத்தையே மாற்றின. அதற்கு முந்திய முகம் எப்படி இருந்தது என்று தேடுகிறவர் தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ, புளியந்தீவில் எழுதிய பக்கங்களைத்தான் தேட வேண்டும்.

காணிக் கச்சேரி என்ற சொல்லும் இதன் பிள்ளை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அரச காணியைப் பகிரும்போது, விண்ணப்பித்தவர்களை எல்லாம் ஓரிடத்தில் கூட்டி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்துத் தெரிவுசெய்வார்கள். கட்டடமே வேண்டாம், மரநிழலில் மேசையைப் போட்டாலும் அது கச்சேரிதான்.

என் அம்மாவோடு சின்ன வயதில் ஒருமுறை உள்ளே போயிருக்கிறேன். படுவான்கரையிலிருந்து காலையிலேயே பாதையில் ஏறினோம். எங்கள் பக்கம் பாதை என்றால் நடக்கிற பாதை இல்லை, ஆட்களையும் சைக்கிளையும் மாட்டுவண்டியையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற மிதவை. மண்முனையில் 2014இல் பாலம் வந்தது, அதன்பின் அந்தத் துறையில் அதற்கு வேலை இல்லை. அம்மா ஆவணங்களைச் சுற்றி ஒரு துவாய், துவாய்க்கு மேலே சீனிக் கடையில் கொடுத்த உறை, அதற்கு மேலே நூல். அந்த மூன்று கட்டையும் அவிழ்க்கிற வேலை அவருக்கு மட்டும்தான், என்னைத் தொடவிடவில்லை. உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார், கோயிலுக்குள் போனது மாதிரி. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்கக் கோப்புகளுக்கு மேலே கல் வைத்திருந்தார்கள். ஆற்றங்கரைக் கூழாங்கல், வழவழவென்று. எனக்கு அந்தக் கட்டடத்தில் நினைவு நிற்பது அந்தக் கல்தான். பீரங்கியில் ஏறி இருந்ததாக அம்மா சொல்வார். எனக்கு அது மறந்துபோய்விட்டது.

எங்கள் பக்கத்துச் சிறிய அருங்காட்சியகங்களில் பொதுவாக ஒரு குறை உண்டு. "மரப்பெட்டி", "பித்தளைப் பாத்திரம்", "தட்டச்சு இயந்திரம்" என்று எழுதியிருப்பார்கள். பெட்டி என்பது எனக்கும் தெரிகிறதே! யாருடைய பெட்டி, அதற்குள் என்ன வைத்தார்கள், ஏன் இரண்டு பூட்டு? அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் அது பழைய சாமான். தட்டச்சு இயந்திரத்துக்கும் அப்படித்தான். அது தமிழ் விசைப்பலகையா ஆங்கிலமா என்று குனிந்து பார்க்க வேண்டும். 1956இல் அரசகரும மொழிச் சட்டம் வந்தபிறகு ஒரு தமிழ் மாவட்டத்துக் கச்சேரிக்குள் எந்த மொழியில் கடிதம் வந்தது, எந்த மொழியில் போனது என்பதற்கு அந்த விசைகளே சாட்சி சொல்லும்.

அரசாங்கக் கட்டடம் அருங்காட்சியகமாவது நாட்டுக்குப் புதிதில்லை. கொழும்பு புறக்கோட்டையில் ஒல்லாந்தர் கால அருங்காட்சியகம் 1982இல் திறந்தார்கள். அந்தக் கட்டடம் அதற்கு முன் பல காலம் தபாலகமாக இருந்தது. ஆனால் உள்ளே போனால் ஒல்லாந்தர் தளபாடமும் பாத்திரமும்தான் முன்னுக்கு நிற்கும். கடிதம் வாங்க வரிசையில் நின்றவர்கள் துடைக்கப்பட்டுவிட்டார்கள். அந்த வழியில் புளியந்தீவும் போய்விடுமோ என்பது என் பயம். யாழ்ப்பாணத்துக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. பழைய பூங்காவில் இருந்த கச்சேரிக் கட்டடம் போரில் சிதைந்து, சுவர்கள் மட்டும் நின்றன. அதோடு பார்த்தால் மட்டக்களப்பு கொடுத்துவைத்தது: கூரையோடு ஒரு கச்சேரி மிஞ்சியிருக்கிறது.

1963இல் ஊர்த் தலைமைக்காரரான விதானைமார் முறை போய்க் கிராமசேவகர் வந்தார். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தோடு அரசாங்க அதிபரின் வேலைகளில் பெரும்பகுதி பிரதேச செயலகங்களுக்கு இறங்கியது. வாழைச்சேனைக்காரரும் களுவாஞ்சிக்குடிக்காரரும் புளியந்தீவுக்கு வரவேண்டிய தேவை அன்றிலிருந்தே குறைந்துகொண்டு வந்தது. ஆக, கச்சேரி ஒரே நாளில் கோட்டையை விட்டுப் போகவில்லை.

அதன் கடைசிப் பல பத்தாண்டுகளில் பார்க்க வேண்டியது மதில் அல்ல, பெட்டிசம். 1942இல் அரிசிப் பங்கீடு வந்ததிலிருந்து 1979 வரை கூப்பனுக்காக எழுதிய பெட்டிசம். சூறாவளி நிவாரணத்துக்கு எழுதியது. 1990களில், போர்க்காலத்தில், பிள்ளையைத் தேடி எழுதியது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு வீடில்லாமல் எழுதியது. அப்படி எழுதியவர்களில் பலரைக் குடியமர்த்திய ஊர்தான் இப்போது புதுச் செயலகம் நிற்கிற திராய்மடு. "கனம் அரசாங்க அதிபர் அவர்கட்கு" என்று தொடங்கி, "தங்கள் கீழ்ப்படிவுள்ள" என்று முடியும். இடையில் உள்ள பத்து வரியில் ஒரு குடும்பத்தின் முழுக் கதையும் இருக்கும், பெரும்பாலும் வேறொருவர் கையெழுத்தில், அடியில் பெருவிரல் அடையாளத்தோடு. அரச ஆவணங்களைக் கண்டபடி அழிக்கக்கூடாது என்று 1973இலிருந்தே சுவடிகள் சட்டம் இருக்கிறது. அந்தப் பெருவிரல் அடையாளங்களில் ஒன்றை, பெயரை மறைத்து, பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு சட்டகத்தில் வைத்தால் போதும். எந்த நூற்றாண்டின் சின்னம் எது என்று பார்க்கிறவர் தானே முடிவுசெய்வார்.

போகிறவர்களுக்குச் சின்னக் குறிப்பு. காலையில் போங்கள், வெயில் ஏறினால் மதிலில் கை வைக்க முடியாது. வாசலில் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். வெளியே வந்தபின் காந்திப் பூங்காப் பக்கம் கொஞ்சம் நடந்து, அங்கிருந்து திரும்பிப் பாருங்கள். 1814இல் மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் வந்திறங்கியதை நினைவுகூருவதும் அந்தக் கரைதான். கோட்டை கட்டியவன், பள்ளிக்கூடம் கட்டியவன், வரி கேட்டு வந்தவன், பெட்டிசத்தோடு வந்தவன் எல்லோரும் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். மீன் பாடுவதைக் கேட்க வேண்டுமென்றால் நிலவு நாளில் கல்லடிப் பாலத்துக்குப் போக வேண்டும். 1848இல் எமேர்சன் டெனன்ட் இந்த வாவியில்தான் அதைக் கேட்டு எழுதிவைத்தார். நான் இரண்டு தடவை போய்க் காத்திருந்தேன், லாரிச் சத்தம்தான் கேட்டது.

போன மாதம் பஸ் நிலையத்தில் இறங்கி ஒரு ஆட்டோவை நிறுத்தினேன். வேண்டுமென்றே "ஒல்லாந்தர் கோட்டைக்குப் போகணும் தம்பி" என்றேன். இருபத்தைந்து வயது கூட இராது அந்தப் பொடியனுக்கு. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"கோட்டையா? ஓ, பழைய கச்சேரியா, ஏறுங்க ஐயா."